பைலட் ஆகணும்னா நிலத்தை விக்கலாமா? முதல் ஏர்லைன் வேலை வரைக்கும் உள்ள கணக்கு

கேள்வி கேட்ட தம்பி நாமக்கல் பக்கம். வயசு 22, பிஇ மெக்கானிக்கல் முடிச்சாச்சு, அப்பா ரெண்டு லாரி வச்சு ஓட்டுறார். கோயம்புத்தூர்ல ஒரு ஏஜென்ட் 55 லட்சம் பேக்கேஜ், 100 சதவீதம் பிளேஸ்மென்ட்னு சொல்லியிருக்கான், அப்பா ஒன்றரை ஏக்கர் நிலத்தை வித்துக் கட்டிரலாம்னு நிக்கிறார். கட்டலாமா, கட்டினா முதல் வேலை எப்ப கிடைக்கும், சம்பளம் எவ்வளவு வரும், 22 வயசு லேட்டா, இதான் கேள்வி.

நான் இப்ப ஏ320-ல கோ பைலட்டா ஓட்டிட்டு இருக்கேன். சிபிஎல், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டுறதுக்கான லைசென்ஸ், கைக்கு வந்தது 2020 ஜனவரி. வேலைல சேர்ந்தது 2022. நடுவுல இருக்கிற அந்த ரெண்டரை வருஷத்தைப் பத்தி எந்த ஏஜென்ட்டும் பேச மாட்டான், அதனால அதைத்தான் நான் நிறைய பேசப் போறேன்.

முதல்ல அந்த "100 சதவீதம் பிளேஸ்மென்ட்". தம்பி, ஃபிளையிங் ஸ்கூல் வேற, ஏர்லைன் வேற. ஸ்கூல்காரனால லைசென்ஸ் வரைக்கும் கொண்டு போய் விட முடியும், அவ்வளவுதான். வேலை குடுக்கிறது ஏர்லைன், அவங்க தனியா எக்ஸாம் வச்சு, சைக்கோமெட்ரிக் டெஸ்ட் வச்சு, சிம்ல, அதாவது தரையிலயே விமானம் ஓட்டுற மாதிரி இருக்கிற சிமுலேட்டர்ல உக்கார வச்சுப் பாத்து, இன்டர்வியூ பண்ணித்தான் எடுப்பாங்க. எந்த வருஷம் எத்தனை பேர் எடுப்பாங்கன்னு ஏர்லைனுக்கே முன்கூட்டி சரியா தெரியாது, கோயம்புத்தூர் ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? அந்த வார்த்தையை லெட்டர்ஹெட்ல எழுதி, வேலை கிடைக்கலன்னா எவ்வளவு திருப்பித் தருவீங்கன்னு கேளுங்க. பேச்சு அங்கேயே நின்னுடும்.

இப்ப காசு. தோராயமா சொல்றேன், ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவுல 200 மணி நேரம் பறந்து, மல்டி எஞ்சின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கோட (ஒண்ணுக்கு மேல எஞ்சின் உள்ள விமானத்தை ஓட்ட, வெளிய எதுவும் தெரியாதப்ப கருவியைப் பாத்தே ஓட்ட) சிபிஎல் கையில வர 40-லேருந்து 55 லட்சம். ஹாஸ்டல், மெஸ், எக்ஸாம் ஃபீஸ், கிரவுண்ட் கிளாஸ், டெல்லிக்கும் பெங்களூருக்கும் அலையுற செலவு எல்லாம் இதுல சேர்ந்து வந்தா நல்லது, பெரும்பாலும் சேராது. அதுக்கு மேல டைப் ரேட்டிங், அதாவது ஏ320 இல்ல 737 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுறதுக்கான ட்ரெய்னிங், அது ஒரு 15-லேருந்து 25 லட்சம். ஏஜென்ட் சொன்ன 55 இந்த டைப் ரேட்டிங்கோடவா இல்லாமலான்னு கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க, நானும் கேக்கல, என் அப்பாவும் கேக்கல.

உங்க வீட்டுல லாரி இருக்கிறதால ஒண்ணு சொல்றேன், உடனே புரியும். ஆர்சி புக் கையில இருந்தா மட்டும் லாரி ரோட்டுல ஓடுமா? எஃப்சி எடுக்கணும், இன்சூரன்ஸ் கட்டணும், பெர்மிட் வேணும். சிபிஎல்லும் அப்படித்தான். 2023-ல ரூல் மாத்தினதுல இருந்து லைசென்ஸ் 10 வருஷத்துக்கு செல்லும், அது ஆர்சி. ஆனா இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ஒரு வருஷம்தான், கிளாஸ் 1 மெடிக்கல் ஒரு வருஷம்தான், அது ரெண்டும் எஃப்சி. வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருந்தாலும் வருஷா வருஷம் ட்வின் எஞ்சின் விமானத்தை வாடகைக்கு எடுத்து எக்ஸாமினரோட பறந்து காட்டணும், மெடிக்கலுக்குப் போகணும், ரெண்டு மூணு லட்சம் சும்மா கரைஞ்சிடும். வண்டி ஷெட்ல நிக்குது, எஃப்சி மட்டும் எடுத்துக்கிட்டே இருக்கோம்னு வச்சுக்கோங்க.

எனக்கு அதுதான் நடந்தது. 2020 ஜனவரில லைசென்ஸ் வாங்கினேன், மார்ச் 25-ம் தேதி நாட்டுல எல்லா உள்நாட்டு ஃபிளைட்டும் நின்னுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு திறந்தாங்க, ஆனா இருக்கிற பைலட்டுக்கே சம்பளத்தைக் குறைச்சுட்டு இருந்தாங்க, புதுசா யாரை எடுப்பாங்க? அந்த வருஷம் எங்க பெரியப்பா பொண்ணு கல்யாணத்துல முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிட்டு ஒவ்வொருத்தரா வந்து, "பைலட் மாப்ள, எந்தக் கம்பெனி?"ன்னு கேட்டாங்க. "ப்ராசஸ்ல இருக்கு மாமா"ன்னு சொல்லி சொல்லி பந்திக்குக் கடைசியாப் போனேன், பாயசம் தீந்து போச்சு. அப்புறம் சென்னைல ஒரு கோச்சிங் சென்டர்ல ஜூனியர் பசங்களுக்கு நேவிகேஷன் பாடம் எடுத்தேன், மாசம் 25 ஆயிரம். பேங்க்ல வட்டி மட்டும் அதைவிட அதிகம்.

இது கொரோனாவால மட்டும்னு நினைக்காதீங்க. 2012-ல கிங்ஃபிஷர் நின்னுச்சு, 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் அனுபவம் உள்ளவங்க அதே வரிசைல வந்து நம்ம முன்னாடி நிப்பாங்க. இன்னொரு பக்கம் பாத்தா ஏர் இந்தியா 2023 பிப்ரவரில 470 விமானம், இண்டிகோ அதே வருஷம் ஜூன்ல 500, ஆகாசா 2024 ஜனவரில 150-ன்னு ஆர்டர் குடுத்திருக்காங்க. ஏஜென்ட் பவர்பாயிண்ட்ல காட்டுறது இந்த ஸ்லைடைத்தான். பொய் இல்ல. ஆனா ஆர்டர் குடுத்த விமானம் டெலிவரி ஆகணும்ல, அது வருஷக்கணக்குல தள்ளிப் போகுது. போயிங்ல இருந்து விமானம் லேட்டா வந்ததுல ஆகாசாவுல சேர்ந்த பைலட்டுங்க நூத்துக்கணக்குல பறக்காம காத்திருந்தது செய்திலயே வந்துச்சு. அந்தப் பக்கம் லைசென்ஸ் குடுக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ 2023-ல 1,622 சிபிஎல் குடுத்திருக்கு, 2024-ல 1,342. அத்தனை பேருக்கும் அந்தந்த வருஷமே சீட் இல்ல.

சரி, 2025 டிசம்பர்ல இண்டிகோவுல ஆயிரக்கணக்குல ஃபிளைட் கேன்சல் ஆச்சே, பைலட் பற்றாக்குறைன்னு சொன்னாங்களேன்னு கேப்பீங்க. அது பைலட்டுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டின புது ரூல், வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்துல இருந்து 48 ஆச்சு, நைட் லேண்டிங் வாரத்துக்கு 6-ல இருந்து 2 ஆச்சு, அதுக்குத் தகுந்த மாதிரி ஆள் வைக்கல. ஒரே வேலைக்கு அதிக பைலட் தேவைப்படும்ங்கிறது நமக்கு நல்லதுதான். ஆனா அன்னைக்கு உடனே தேவைப்பட்டது கேப்டனும் ரிலீஸ் ஆன, அதாவது ட்ரெய்னிங் முடிஞ்சு முழு டூட்டிக்கு விட்ட கோ பைலட்டும், 200 மணி நேரம் செஸ்னாங்கிற சின்ன ட்ரெய்னிங் விமானம் ஓட்டின நம்ம இல்ல. நம்மளை எடுத்தா டைப் ரேட்டிங், பேஸ் லேண்டிங் (பயணிகள் இல்லாம நிஜ விமானத்தை இறக்கிப் பழகுறது), அப்புறம் ட்ரெய்னர் கேப்டன் பக்கத்துல உக்காந்து லைன் ட்ரெய்னிங்னு முழுசா ரிலீஸ் பண்ண பல மாசம் ஆகும்.

அதனால என் பதில்: காசு எவ்வளவு இருக்குங்கிறதை விட எந்த வரிசைல வெளிய விடுறீங்கங்கிறதுதான் முக்கியம். நிலத்தை இப்ப விக்காதீங்க. முதல் ஆறேழு மாசத்துக்கு மூணு நாலு லட்சத்துக்கு மேல தேவையே இல்ல.

முதல்ல மெடிக்கல். கிளாஸ் 2 மெடிக்கல் டிஜிசிஏ அங்கீகரிச்ச டாக்டர்கிட்ட எடுக்கலாம், சில ஆயிரம் ரூபாய்தான். அதோட நிறுத்தாதீங்க, பாதிப் பேர் இங்கதான் தப்பு பண்றாங்க, கிளாஸ் 2 வந்தா பறக்க ஆரம்பிக்கலாம்னு ஸ்கூல் சேத்துக்கும், ஆனா லைசென்ஸ் வாங்க கிளாஸ் 1 வேணும். முதல் தடவை கிளாஸ் 1-க்கு நம்ம பக்கத்துல இருந்து பெரும்பாலும் பெங்களூர் ஏர்ஃபோர்ஸ் ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் போவாங்க. கண், காது, ஈசிஜி, ரத்தம், வயிறு ஸ்கேன், கலர் விஷன்னு முழுசா பாப்பாங்க. என் பேட்ச்ல ஒருத்தன் 30 லட்சம் கட்டி 90 மணி நேரம் பறந்ததுக்கு அப்புறம் கிளாஸ் 1 போனான், கலர் விஷன்ல நின்னுட்டான். கண்ணாடி போட்டிருக்கோமேன்னு பயப்படத் தேவையில்ல, பவர் இருந்தும் நிறைய பேர் ஓட்டுறாங்க, ஆனா கலர் விஷன் வேற விஷயம். ஸ்கூலுக்கு ஒரு ரூபா கட்டுறதுக்கு முன்னாடி கிளாஸ் 1 அசெஸ்மென்ட் கையில இருக்கணும். ஸ்லாட் கிடைக்க வாரக்கணக்குல ஆகலாம், ஆகட்டும்.

மெடிக்கலுக்குக் காத்திருக்கிற நேரத்துலயே எக்ஸாம். பன்னெண்டாவதுல பிசிக்ஸ், மேத்ஸ் இருந்தா போதும், அந்த மார்க்‌ஷீட்டை போர்டுல வெரிஃபை பண்ணி டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பர் (எக்ஸாம் எழுதுறதுக்கான பதிவு எண்) வாங்கணும், இதுக்கே நம்ம ஊர் ஆபீஸ்ல நாலு நடை. நேவிகேஷன், மெட்டீரியாலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல்னு பேப்பர், பாஸ் மார்க் 70. ரேடியோ எக்ஸாம் தனி. மெக்கானிக்கல் படிச்சவங்களுக்கு டெக்னிக்கல் கஷ்டமே இல்ல, நேவிகேஷன்தான் கழுத்தைப் பிடிக்கும். பறக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சிட்டா ஸ்கூல்ல உங்க காசு பெட்ரோலுக்கு மட்டும் போகும். பேப்பர் பாக்கி வச்சுட்டு ஹாஸ்டல் வாடகை கட்டிக்கிட்டு ஒரு வருஷம் உக்காந்தவங்களைப் பாத்திருக்கேன். இன்னொண்ணு, இந்தப் பேப்பர்ல மூணு தடவை திணறினீங்கன்னா மூணு லட்சத்தோட தப்பிச்சீங்க, ஐம்பது லட்சம் போனதுக்கு அப்புறம் தெரியுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அதுக்கப்புறம்தான் ஸ்கூல். நேர்ல போங்க. வெப்சைட்ல 12 விமானம் வரிசையா நிக்குற போட்டோ இருக்கும், நீங்க போற அன்னைக்கு எத்தனை பறக்குதுன்னு எண்ணுங்க. நான் படிச்ச இடத்துல, பேர் வேண்டாம், காலைல நாலே முக்காலுக்கு எந்திரிச்சு யூனிஃபார்ம் மாட்டிட்டு டிஸ்பேட்ச் ஜன்னல் முன்னாடி நிப்போம். வெள்ளை போர்டுல மார்க்கர்ல பேர் எழுதியிருக்கும். பனி மூட்டமா இருந்தா விசிபிலிட்டி வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும், ஏழரைக்கு ஒரு செஸ்னா கிளம்பும், ரெண்டாவது செஸ்னா மூக்குக் கவரைத் திறந்து போட்டு ஹேங்கர்ல நிக்கும், மேக்னெட்டோங்கிற எஞ்சின் பார்ட் வரணும்பாங்க, அந்த மேக்னெட்டோ ஏழு வாரம் வந்துக்கிட்டே இருந்துச்சு. பத்து மணிக்கு வெயில் ஏறி காத்து அடிக்க ஆரம்பிச்சா தனியாப் பறக்கப் பழகுற சோலோ பசங்களுக்கு அன்னைக்கு அவ்வளவுதான், டஸ்டரை எடுத்து பேரை அழிச்சிடுவாங்க. என்னோட 100-வது மணி நேரத்துக்கும் 110-வதுக்கும் நடுவுல நாலு மாசம். முழுப் பணத்தையும் மொத்தமாக் கட்டினா 2 லட்சம் டிஸ்கவுண்ட்னு சொன்னாங்க, கட்டியிருந்தோம், அதனால வெளியவும் போக முடியல.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்கூல்ல 60 ஸ்டூடண்ட், ஆளுக்கு 200 மணி நேரம், மொத்தம் 12,000. ஓடுற விமானம் 6, ஒவ்வொண்ணும் மாசம் 60 மணி நேரம் பறந்தா 360. வகுத்தா 33 மாசம் வருது. அவன் 12 மாசத்துல முடிச்சிடலாம்னு சொல்வான். மழைக்காலத்தை நான் கழிக்கவே இல்ல. இந்த மூணு நம்பரையும் ஆபீஸ்ல கேக்காதீங்க, வெளில டீக்கடைல நிக்குற சீனியர் பசங்ககிட்ட கேளுங்க. டிஜிசிஏ 2025 அக்டோபர்ல இருந்து ஃபிளையிங் ஸ்கூல்களுக்கு கிரேடு போட ஆரம்பிச்சிருக்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும், முதல் லிஸ்ட்ல உச்ச கிரேடு ஒருத்தருக்கும் கிடைக்கல, அதுலயே நிலைமை புரியும். அரசாங்கத்தோடது உத்தரப் பிரதேசத்துல ஃபுர்சத்கஞ்ச்ல இருக்கு, இக்ருவான்னு சொல்வாங்க, என்ட்ரன்ஸ் எழுதி உள்ள போகணும், முயற்சி பண்ணுங்க. உங்க ஊருக்குப் பக்கத்துல சேலம் ஏர்போர்ட்லயே இப்ப ஒரு ட்ரெய்னிங் ஸ்கூல் நடக்குது, வீட்டுல இருந்து போய் வரலாம்ங்கிறதுக்காக மட்டும் சேர வேண்டாம், அங்கயும் இதே மூணு நம்பரைக் கேளுங்க.

பணத்தை தவணையாக் கட்டுங்க, பறந்த மணி நேரத்துக்குத் தகுந்த மாதிரி. ஒத்துக்காத ஸ்கூல் வேண்டாம், டிஸ்கவுண்ட் போனாப் போகட்டும். பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தா விடாதீங்க, டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள ஸ்கூல்ல அங்கீகரிச்ச ஃபிளையிங் கோர்ஸுக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2024 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில்லயே தெளிவா சொல்லியாச்சு. ஐம்பது லட்சத்துல 18 சதவீதம் 9 லட்சம், சின்னக் காசு இல்ல. அப்புறம் யாராவது பறக்காமலே லாக்புக்ல மணி நேரம் ஏத்தித் தரேன்னு சொன்னா, எங்க பாஷைல பார்க்கர் பேனா அவர்ஸ்னு பேரு, அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க. 2011-ல போலி மார்க்‌ஷீட் காட்டி லைசென்ஸ் வாங்கினவங்களைப் போலீஸ் பிடிச்சு உள்ள வச்சுது.

வெளிநாடு போலாமான்னு அடுத்து கேப்பீங்க. அமெரிக்கால விமானமும் நிறைய, வானமும் காலி, எட்டு பத்து மாசத்துல முடியும். ஆனா டாலர்ல கட்டணும், 2014-ல 60 ரூபா இருந்த டாலர் 2025 கடைசில 90-ஐத் தாண்டிடுச்சு, நீங்க பாதி கோர்ஸ்ல இருக்கும்போது ரூபா சரிஞ்சா அந்த வித்தியாசத்தை அப்பாதான் போடணும். திரும்பி வந்து இந்தியன் லைசென்ஸா மாத்த இங்க மறுபடி பறந்து செக் குடுக்கணும், டிஜிசிஏ பேப்பரும் எழுதியிருக்கணும், அதுக்குத் தனிச் செலவு. பேப்பரை எல்லாம் இங்கயே முடிச்சிட்டுப் போறவங்களுக்கு அது நல்ல வழி.

இன்னொரு வழி ஏர்லைனோட கேடட் ப்ரோக்ராம். முதல்லயே செலக்‌ஷன், ட்ரெய்னிங், டைப் ரேட்டிங், கடைசில கோ பைலட் சீட்டு. மொத்தம் ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும். நான் இதைக் கிண்டல் பண்ண மாட்டேன், காசு இருக்கிற வீட்டுக்கு காத்திருக்கிற ரெண்டு வருஷம் மிச்சமாகுதுன்னா அதுவும் ஒரு கணக்குதான். ஆனா அந்த ஆஃபர் நிபந்தனையோடதான் வரும், ஏர்லைன் நிலைமை மாறினா தேதி தள்ளும், அந்தப் பக்கத்தை வக்கீல்கிட்ட காட்டிட்டு கையெழுத்து போடுங்க. உங்க வீட்டு நிலைமைக்கு இது வேண்டாம்னுதான் சொல்வேன்.

லோன் பத்தி. எஜுகேஷன் லோன் ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாம கேக்கலாம், அதுக்கு மேல பேங்க் சொத்து கேக்கும். விக்கிறதுக்குப் பதிலா நிலத்தை அடமானம் வைங்க, ஆனா கணக்குத் தெரிஞ்சு வைங்க. 40 லட்சம், 11 சதவீதம், 10 வருஷம்னா மாசம் 55 ஆயிரம் ஈஎம்ஐ. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரை பொதுவா ஈஎம்ஐ கேக்க மாட்டாங்க, ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும், மாசம் 36 ஆயிரத்துக்கு மேல. அதை அப்பப்ப கட்ட முடிஞ்சா கட்டிடுங்க, இல்லன்னா அசலோட சேர்ந்து குட்டி போடும். கட்டுற வட்டிக்கு பழைய வரி முறைல 8 வருஷம் கழிவு உண்டு. எஸ்சி, எஸ்டி பசங்களா இருந்தா மத்திய அரசு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் லிஸ்ட்ல சிபிஎல் படிப்பும் இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க, நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, அப்பாகிட்ட திரட்ட முடிஞ்ச மொத்தக் காசையும் சிபிஎல்லுக்கே முடிச்சிடாதீங்க. 75 லட்சம் திரட்ட முடியும்னா 45-க்குள்ள சிபிஎல்லை முடிச்சு, 20 டைப் ரேட்டிங்குக்கு, 10 அந்த எஃப்சி எடுத்துக்கிட்டு காத்திருக்கிற காலத்துக்குன்னு தனியா எடுத்து வைங்க. மொத்தமே 50 லட்சம்தான் முடியும்னா இன்னும் ஒரு வருஷம் வேலைக்குப் போய் சேத்துட்டு ஆரம்பிங்க. பாதில காசு தீந்து நிக்குற லைசென்ஸுக்கு எவனும் லோன் தர மாட்டான்.

டைப் ரேட்டிங்கை ஆஃபர் வராம சொந்தக் காசுல பண்ணாதீங்க. என் ஃபிரண்டு ஒருத்தன் 2019 கடைசில 737 ரேட்டிங் பண்ணினான், அப்ப எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்கன்னு. மூணு மாசத்துல உலகமே நின்னுச்சு, வேலை வந்தப்ப கேட்டது ஏ320. ஒரு ரேட்டிங்குக்குக் கட்டின காசு வீண், ரெண்டாவது ரேட்டிங்கும் சேத்து இப்பதான் அடைச்சு முடிச்சான். இண்டிகோ, ஏர் இந்தியா மாதிரி பெரிய ஏர்லைன்கள் வெறும் சிபிஎல்லோட எடுத்து அப்புறம் டைப் ரேட்டிங்குக்கு அனுப்புறதும் உண்டு, காசு நம்மளுதா இருக்கலாம் இல்ல பாண்ட் போட்டு அவங்களுதா இருக்கலாம். ரேட்டிங் இருந்தாத்தான் எடுப்போம்னு விளம்பரம் வந்து, அந்த விமானம் அங்க புதுசா வந்து இறங்குறதையும் கண்ணால பாத்தா அப்ப யோசிங்க.

காத்திருக்கிற காலத்துல வீட்டுல சும்மா உக்காராதீங்க. இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்து ஸ்கூல்லயே உதவி இன்ஸ்ட்ரக்டரா சேரலாம், சம்பளம் பெருசா இருக்காது, ஆனா மணி நேரம் ஏறும், கை துருப்பிடிக்காது. நான் அதைப் பண்ணாம பாடம் எடுக்கப் போனேன், அதனால 2022-ல சிம் செக்ல உக்காந்தப்ப கை கொஞ்சம் நடுங்குச்சு, ரா டேட்டால ஐஎல்எஸ் அப்ரோச், அதாவது ஆட்டோமேட்டிக் உதவி இல்லாம வெறும் முள்ளைப் பாத்தே ரன்வேக்கு இறங்கி வரச் சொன்னாங்க, ரன்வே நேர்கோட்டைக் காட்டுற லோக்கலைசர் முள் ரெண்டு தடவை ஓடிப் போச்சு. ரிட்டன் டெஸ்ட்ல நல்ல மார்க் இருந்ததால பொழச்சேன், அது பாடம் எடுத்ததால வந்த மார்க்.

சம்பளம் கேட்டிருந்தீங்க. ட்ரெய்னிங் காலத்துல ஸ்டைபண்ட் மாதிரி ஏதோ வரும். ரிலீஸ் ஆன புதுசுல கைக்கு ஒண்ணேகால், ஒண்ணரை லட்சம், ஏர்லைனுக்கு ஏர்லைன், பறக்குற மணி நேரத்துக்குத் தகுந்த மாதிரி மாறும். அதுல 55 ஆயிரம் ஈஎம்ஐ, டெல்லிலயோ மும்பைலயோ வீட்டு வாடகை. முதல் மூணு வருஷம் கார் எல்லாம் கனவு காணாதீங்க. வேலையை விடணும்னா கோ பைலட்டுக்கு ஆறு மாசம், கேப்டனுக்கு ஒரு வருஷம் நோட்டீஸ், அது டிஜிசிஏ ரூல்.

22 வயசு லேட்டான்னு கேட்டீங்க, என் பேட்ச்ல 31 வயசுல ஐடி வேலையை விட்டுட்டு வந்தவர் இப்ப கேப்டன் ஆகப் போறார். ஆனா 22 வயசுல உங்களுக்கு அவருக்கு இல்லாத ஒரு கதவு திறந்திருக்கு, ஏர்ஃபோர்ஸ். ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் ஆகுறதுக்கான ஆஃப்கேட் எக்ஸாம், ஃபிளையிங் பிராஞ்சுக்கு 20-லேருந்து 24 வயசு, டிகிரில 60 சதவீதம், பன்னெண்டாவதுல பிசிக்ஸ், மேத்ஸ்ல 50. ட்ரெய்னிங் காசு அரசாங்கத்தோடது, ஷார்ட் சர்வீஸ் 14 வருஷம், வெளில வரும்போது ஏர்லைன்காரன் கூப்பிடுவான். எக்ஸாமுக்கு அப்புறம் வர்ற எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வுல பைலட் திறன் டெஸ்ட் வாழ்க்கைல ஒரு தடவைதான், அதுல போனா மறுபடி கிடையாது, அதனால தயார் பண்ணிட்டுப் போங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை நோட்டிஃபிகேஷன் வரும். அதையும் போட்டு வைங்க, கிளாஸ் 2 டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட்டும் இந்த வாரமே வாங்குங்க. ஏஜென்ட் ஃபோன் பண்ணா பெங்களூர் ரிசல்ட் வரட்டும்னு சொல்லுங்க.